வெளியே செல்வதை வரவு வை

இன்று காலை உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நீ போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள் என்பதால், லீவு போட்டுவிட்டு லண்டனிலிருந்து வந்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்டபாடில்லை. "காயறதுக்குள்ள கரைஞ்சுருதுங்க, நா என்ன பண்றது?" என்று வேலைக்கு வந்தவர் அலுத்துக்கொண்டார். உன் வீட்டுக்காரர் கேட்பதாக இல்லை, இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது.

பதினொன்றாம் வகுப்பு திறந்த அன்று, புதிதாக வெள்ளையடித்த சுவரில் நீ சாய்ந்து உட்கார்ந்தாய். தாவணி முதுகெல்லாம் வெள்ளை. தட்டிவிடப் போய் என் கையும் வெள்ளையானது. நம் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. திருக்காட்டுப்பள்ளியில் தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்த நமக்கு ஏது டெபிட்டும் கிரெடிட்டும்? பற்றும் வரவும்தான். "உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை" என்று டீச்சர் நாள் தவறாமல் ஒப்பிக்கச் சொல்வார். வெளியே போவது எப்படி வரவாகும் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வேன். நீ உடைத்துக்கொள்ளவில்லை. பற்றை ஏன் இடது பக்கம் எழுதுகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "நெஞ்சு அந்தப் பக்கந்தானடி இருக்கு. பற்ற வேற எங்க வெப்பாங்க?" என்றாய்.

லண்டன் வகுப்பில் பேராசிரியர் 'டெபிட்' என்று சொன்னபோதெல்லாம் என் கை தானாக நெஞ்சின் இடது பக்கம் போய் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். அவளுக்கு எதை, எந்த மொழியில் விளக்குவது?

தஞ்சாவூரில் பி.காம். முடிக்கும்போது நாம் இருவருமே லண்டனில் ஃபைனான்ஸ் படிக்க விண்ணப்பித்தோம். இருவருக்கும் இடம் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே அறை, ஒரே குக்கர், பிறகு ஒரே வங்கியில் வேலை என்று, ஊருக்குத் திரும்பும் பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, நடவு முடிந்து பச்சை பிடித்திருந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாய். பாதி வழியில், "நா வரலடி" என்றாய்.

"ஏன், அப்பா விடலையா?"

"அவரு போ போன்னுதான் நச்சரிக்கிறாரு. எனக்குத்தான் போகத் தோணல. இங்கயே ஒரு ஆடிட்டர்கிட்ட சேந்து சி.ஏ. பண்ணப்போறேன்."

நான் சும்மா விடவில்லை. அங்கே எத்தனை பெரிய வங்கிகள், எத்தனை பெரிய வேலைகள் என்று அடுக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ரைஸ்மில்லுக்காரரு கணக்கும் உரக்கடைக்காரரு கணக்கும் குட்டையாக் குழம்பிக் கெடக்குடி. அதத் தெளிய வெக்கிறதுல எனக்கு ஒரு ருசி. அங்க போனா யாரு கணக்கையோ பாக்கணும். இங்கன்னா முகம் தெரியும்" என்றாய். ஊருக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். "அப்பா விடலன்னு சொல்லிருவேன். நானே வேணாம்னேன்னு சொன்னா எவ நம்புவா? கிறுக்கும்பாங்க." உன் அப்பாவும் அந்தப் பழியைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர்.

நான் கிளம்பிய அன்று தஞ்சாவூர் ஸ்டேஷனில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் அழுது மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தேன். ரயில் நகரும் நேரத்தில் கேட்டாய்: "வெளிய போறத எதுல வெக்கணும்? டீச்சர் என்ன சொன்னாங்க? ஒன்ன வரவுலதான் வெச்சிருக்கேன், அழாம போ." பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் ஒப்பித்தும் புரியாத விதி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் உன் ஆபீஸில்தான் வந்து உட்காருவேன். மில் முதலாளிகளை நீ வாய்க்கு வாய் அதட்டுவதையும், அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தலையைச் சொறிவதையும் வேடிக்கை பார்ப்பேன். 'வந்திருக்கலாமோ' என்று ஒரு தடவையாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவேயில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு. போன மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தாய். நான் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது உன் மகள் ஜெனிக்கு அதே லண்டனில், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கேள்விப்பட்டதிலிருந்து நான் தரையில் நிற்கவில்லை. அவளுக்கு உன் நடை, உன் சிரிப்பு. நீதான் வரவில்லை, உன் ஜாடையாவது என் வீட்டில் நடமாடட்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் என்ன தப்பு?

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரே குடைக்குள் நின்றபோது ஜெனி மெதுவாக ஆரம்பித்தாள். "சித்தி, எனக்கு அம்மா மாதிரி இங்கயே சி.ஏ. பண்ணத்தான் இஷ்டம். ஆனா தாத்தா விடாததாலதான் அம்மா போகலன்னு பெரியம்மால்லாம் சொல்றாங்க. அம்மா ஆசய நானாவது முடிச்சு வெக்கணும்ல?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் என்னோடு வந்துவிடுவாள். வாய்வரைக்கும் வந்தது. உன் பக்கம் திரும்பினேன். மழையில் சுண்ணாம்பு வழிந்து உன் பெயரெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது.

"ஒங்கம்மாவுக்கு அப்படி ஒரு ஆசையே இல்லடி. தாத்தா போ போன்னுதான் சொன்னாரு. ஒங்கம்மாதான் மாட்டேன்னுட்டா. மத்ததெல்லாம் ஊருக்காகச் சொன்ன கத" என்றேன்.

ஜெனி சிரித்தாள். கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் உன்னைப் போலவே உரக்கச் சிரித்தாள். உன் வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா சரியான கேடி, சித்தி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பன்னா நா இங்கயே சேந்துர்றேன். ஒங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"எனக்கென்னடி வருத்தம்" என்று சொல்லிவிட்டுக் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

வருத்தம்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நான் படித்த படிப்பிலும் பார்த்த வேலையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை அழைத்துப் போகவேண்டும் என்ற ஆசைதான் இத்தனை வருஷமாகியும் அடங்கவில்லை. உன் மகளும் வரவில்லை என்று முடிவான பிறகும் அது என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இந்த முறையும் அதை மட்டும்தான் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.