மறைந்த வெள்ளைப் புள்ளி

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் என் குரலைக் கேட்டாலே அழுதுவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. பேச்சும் குழறவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீ ஓடிவந்த அன்று உன்னையே, "யாருங்க நீங்க, டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டேனாம். நர்ஸ் சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மூளையின் நடுவில் தெரிந்த வெள்ளைப் புள்ளி, இரண்டாவது ஸ்கேனில் இல்லை. "கிருமிக் காய்ச்சல்ல சில பேருக்கு இப்படி வரும், தானா மறைஞ்சிடும். உங்களுக்குச் சுத்தமா போயிடுச்சு" என்றார் டாக்டர். கொஞ்சம் ஓய்வெடுத்து, இன்னொரு பரிசோதனை முடிந்ததும் பஸ் ஓட்டலாமாம்.

உன்
சிட்டு

மார்ச் 11

என் செல்லச் சிட்டுக்கு,

நர்ஸ் சிரிக்கட்டும். பெற்றவளைப் பார்த்து யாரென்று கேட்டாயே, எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் புள்ளி சொல்லிவிட்டா வந்தது? ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது மறுபடி வந்தால்? டிப்போ ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேள்.

எனக்குத் தையலில் புத்தி நிற்கவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன்.

அம்மா

மார்ச் 29

அம்மா,

அந்தச் சட்டைக்காரர் பாவம்!

எனக்கும் பயம் உண்டு. கடைசிப் பரிசோதனையும் நன்றாக வந்த பிறகு டாக்டரிடம் கேட்டேன். "திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். காய்ச்சலடிச்சா வண்டியைத் தொடாதீங்க" என்றார். டிப்போவில் காலி வண்டியை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் வளைவிலேயே கை பழையபடி தானாக ஸ்டியரிங்கைத் திருப்பியது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் கடைசிவரை நோயாளியாகவே இருந்துவிடுவேன் அம்மா.

திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சிட்டு

ஏப்ரல் 17

அம்மா,

நீ பதில் போடவில்லை. கோபம் என்றே நினைத்தேன், நேற்று வரை.

சால்வையால் முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக என் பஸ்ஸில் ஏறினால் எனக்குத் தெரியாதா? கண்டக்டரிடம், "என் பொண்ணு எப்படி ஓட்டுறான்னு பாக்கணும், அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாயாம். வேவு பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்ற பதற்றத்தில் இரண்டு தடவை கியரைத் தப்பாகப் போட்டேன். பாலம் இறங்கியதும் கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய்!

என் பதற்றம் அப்போதுதான் அடங்கியது. அதற்குப் பிறகு வந்த வேகத்தடையெல்லாம் எவ்வளவு மெதுவாக ஏறி இறங்கினேன் தெரியுமா? கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பியதும் திருதிருவென்று விழித்து இறங்கி ஓடினாயே, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபியாவது குடித்திருக்கலாம்.

அடுத்த தடவை முன்சீட்டுக்கு வா. அங்கே குலுக்கல் குறைவு, நன்றாகத் தூங்கலாம்.

உன்
சிட்டு