கல் வளைவில் கட்டிய வெள்ளைத் துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை விடாதேங்கோ.

நான் காவல் இருக்கும் மாளிகையின் முதலாளி அம்மா போன கிழமை இறந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி வாசலின் பழைய கல் வளைவில் வெள்ளைத் துணி கட்டினேன். இங்கே வெள்ளைக்காரர் அதைக் கலியாணத்துக்குத்தான் கட்டுவார்களாம். அவருடைய மகன் எல்லாருக்கும் முன்னால் அதை இழுத்துக் கிழித்தார். “என்ர அம்மா செத்தது உனக்குக் கொண்டாட்டமோ?” என்று கத்தினார். “எங்கட ஊரில இதுதான் துக்கம்” என்றேன். அவர் கேட்கவில்லை.

வேலை போய்விட்டது; வளைவோடு ஒட்டிய, நான் இருக்கும் காவல் வீட்டையும் மாத முடிவில் விட வேண்டும். யோசிக்காதேங்கோ, பக்கத்து நகரமான வுப்பர்டாலில் அறை பார்க்கிறேன். அதற்கு முன் இந்த விலாசத்துக்கே பதில் போடுங்கோ. போனில் கேட்க வாய் வரவில்லை.

அப்பா செத்த அன்று எனக்கு வர ஏலவில்லை. எங்கள் வாசல் படலையில் வெள்ளைக் கொடி கட்டியது யார், அம்மா?

கஜரூபன்