வாசலில் நிற்பவள்

சின்னவளின் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? போனில் சொன்னால் சிரித்துவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம், இங்கே கம்பெனி கொடுத்திருக்கும் எங்கள் அறையில், கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்து வேதபாடம் நடத்தினேன். கெட்ட குமாரன் கதை. வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் மகனைத் தூரத்திலேயே பார்த்து, கட்டிக்கொள்ள ஓடுகிற தகப்பனைப் பற்றிச் சொல்லும்போது வாய் சும்மா இருக்கவில்லை. “என் வீட்டுக்காரியும் தினம் சாயங்காலம் வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டிருப்பா” என்று அள்ளிவிட்டேன். வெல்டர் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு ஒரே பெருமை.

ஜெபம் முடிந்ததும், “இன்னிக்கு என்ன படிச்சோம்?” என்று கேட்டேன்.

“அண்ணி வாசல்ல நிக்கிறாங்கண்ணே” என்றான் அவன்.

தகப்பன் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவரை ஓரங்கட்டிவிட்டு உன்னை நிறுத்திவிட்டேன். அதுவும் பொய். அந்த நேரத்தில் நீ மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

இப்போது தினமும் வேலை முடிந்து வந்ததும், “அண்ணி இப்ப நின்னுட்டிருப்பாங்கல்ல?” என்று கேட்கிறான். தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு உண்மையைச் சொல்லிவிட்டு, தகப்பனை மட்டும் ஓடவிடப் போகிறேன்.

என் பழைய கண்ணாடியை யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

இன்னொன்று. ஒரே ஒரு நாள், துணியை மடித்து வைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நில்லேன். பாடத்தில் சொல்லமாட்டேன். எனக்காகத்தான்.

சின்னவளின் அப்பா