பெயிண்ட் கடைக்காரர் நீட்டுகிற தாள்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கால் எலும்பு கூடி வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகு இரண்டு நாளாகத்தான் எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்குகிறது. அப்பா உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தினமும் அக்காவைக் கேட்கிறார். அதில் தம்பி இல்லை அப்பா, அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது என்று அவளும் தினமும் சொல்கிறாள், சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் கேட்கிறார்.

பதினொரு நாளாக வெளிநாட்டு விவகார அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன், முழங்கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. காலையில் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் கூப்பிடுவார்கள், கூப்பிட்டு நாளைக்கு வாருங்கள் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக பஸ் பாஸ் கவுண்டருக்குள் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பேன், எல்லாம் சேர்த்து எனக்குத் திரும்பி வருகிறது போல. மூன்றாவது மேஜையில் ஒரு அம்மாள் இருக்கிறார், முதல் நாளே சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டேன், கடைசியில் அந்தச் சிடுமூஞ்சிதான் எனக்கு நாற்காலி போட்டு விஷயத்தைப் புரியவைத்தார். நீ அங்கே அடித்த கூத்தையும் அவர்தான் சொன்னார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாரே, சட்டைக் கையில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்த பெரியவர், அவர் கப்பல் கம்பெனி ஆள் இல்லை. நம் நாட்டின் கௌரவத் தூதர். ஊர் திரும்பும் படிவத்தில் கையெழுத்துப் போட அவர் கொடுத்த பேனாவை நீ விட்டெறிந்தாயாம், மறுநாள் வீட்டோடு பேசு என்று போனை நீட்டினால் அதையும் வாங்கித் தரையில் போட்டாயாம், போன் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. உன்னையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின நாள் கம்பெனி ஏஜென்ட் பழம் வாங்கிக்கொண்டு வந்து தேனாகப் பேசி, ஏணியிலிருந்து என் கவனக்குறைவால்தான் விழுந்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டானாம். நீ போடவில்லை, அது புத்திசாலித்தனம். ஆனால் அடுத்து எவன் தாளோடு வந்தாலும் அதே கூட்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டாயே, அங்கேதான் இடித்தது. நம் நாட்டுத் தூதர் என்றால் நம் பாஷை பேசமாட்டாரா, பெயிண்ட் கடை வைத்திருப்பாரா என்று நீ கத்தினதாகச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள்.

கேள், இதில் இரண்டு வகை இருக்கிறது. நீ இருக்கிற நாட்டின் தலைநகரத்தில் இருப்பது முழுத் தூதரகம், அங்கே இருப்பவர்கள் நம் அரசாங்க உத்தியோகஸ்தர்கள், இங்கிருந்து சம்பளம் கொடுத்து அனுப்பி, மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வேறு நாட்டுக்கு மாற்றுகிறார்கள். பாஸ்போர்ட் கொடுப்பது, முத்திரை போடுவது எல்லாம் அவர்கள் கையில். ஆனால் அவர்கள் உனக்கு ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு சின்னத் துறைமுகத்துக்கும் ஆள் அனுப்பிக் கட்டுப்படியாகுமா, அதனால் அந்த ஊரிலேயே பிழைப்பு நடத்துகிற ஒரு நல்ல மனுஷரைக் கேட்டுக்கொள்கிறார்கள், அவர்தான் கௌரவத் தூதர். அவர் அந்த நாட்டுப் பிரஜையாகவே இருக்கலாம், நம் பாஷை தெரியவேண்டும் என்றுகூட இல்லை, சம்பளமும் கிடையாது. கடையைப் பார்த்துக்கொண்டே நம் வேலையையும் பார்க்கிறார். அவரால் பாஸ்போர்ட் கொடுக்க முடியாது. உன்னை வந்து பார்க்கலாம், நீதான் நீ என்று உறுதி சொல்லலாம், படிவத்தை வாங்கித் தலைநகரத்துக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரை நினைத்துக்கொள். பஸ் பாஸ் படிவம் அவரிடம் கிடைக்கும், போட்டோவைச் சரிபார்த்து அனுப்புவார், ஆனால் சீல் என் மேஜையில்தான் இருக்கிறது. சீல் எங்கே என்று ஜனங்கள் அவரிடம் சண்டைக்குப் போவார்கள், அவர் பாவம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய்.

அவர் கடையில் கலர் அட்டை மாட்டியிருக்கிற சுவருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு இரும்பு அலமாரி இருக்கிறதாம். கடை பில் ஒன்றுகூட அதற்குள் போகக்கூடாது, நம் தாள்கள் மட்டும்தான். அப்படிப் பிரித்து வைத்திருக்கிற வரைக்கும் அந்த ஊர்ப் போலீஸ்கூட அந்த அலமாரியைத் திறக்க முடியாது என்றார் மூன்றாவது மேஜை அம்மாள். ஆனால் அந்தப் பெரியவர் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் எல்லாரையும் போல அபராதம் கட்டத்தான் வேண்டுமாம். உன் படிவம் கையெழுத்தில்லாமல் வெறும் படிவமாக அந்த அலமாரிக்குள் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ விழுந்த மூன்றாம் நாள், உயிரோடு இருக்கிறாயா என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது, இங்கே அலுவலகத்தில் கோப்பு எண் மட்டும் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு போன் வந்தது, அக்காதான் எடுத்தாள். அந்தப் பெரியவர் தனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில், உங்கள் பிள்ளை ஊசி போட்டுத் தூங்குகிறான், எழுப்ப மனசு வரவில்லை, கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை உன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நீ குறட்டை விட்டாய். அப்பாவின் அதே குறட்டை, நடுவில் நின்று நின்று வருமே, அது. நாலு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு அதைக் கேட்டோம். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்படிப் போனை வைக்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் எழுதியிருக்காது.

இனி நீ செய்ய வேண்டியது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெளியே விட்டுவிடுவார்கள். உன் பாஸ்போர்ட் கேப்டனின் பெட்டியிலேயே கப்பலோடு போய்விட்டது. கையில் தாள் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் போலீஸ் உன்னை ஊன்றுகோலோடு கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடும், அப்புறம் எத்தனை மாசம் என்று மூன்றாவது மேஜை அம்மாளுக்கே சொல்லத் தெரியவில்லை. நீ இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் படிவம் தலைநகரம் போய், ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகிற தாள் அதற்குள் உனக்கு வந்துவிடும். ஏஜென்ட் வந்தால் பழத்தைச் சாப்பிடு, கையெழுத்தை மட்டும் கொடுக்காதே. பெரியவரிடம் மன்னிப்புக் கேள், பாஷை தெரியாவிட்டாலும் கையைப் பிடித்தால் புரியும்.

இந்தக் கடிதத்தை மூன்றாவது மேஜை அம்மாள் படம் எடுத்து அனுப்புவார், பெரியவர் கடையில் அச்செடுத்து உன்னிடம் கொடுப்பார். இதுவும் ஏமாற்று வேலை, கையெழுத்தை யாரும் காப்பியடிக்கலாம் என்று நீ சொல்வாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. அதனால் நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதுகிறேன், அந்த அம்மாள் கண்ணில் பட்டால் படட்டும். கப்பலுக்குக் கிளம்பின அன்று பெட்டியெல்லாம் கட்டின பிறகு நீ குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டி, தொட்டித் தண்ணீர் முழுக்கத் தீர்ந்துவிடும், நிறுத்துடா என்று கத்தினேன். நீ கண் சிவந்து வெளியே வந்து சோப்பு பட்டுவிட்டது என்றாய், நானும் சோப்பைத் திட்டினேன். குழாய் எதற்காகத் திறந்திருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும் கண்ணு. உள்ளே வந்து உன்னைப் பிடித்துக்கொண்டால் நீ கிளம்பமாட்டாய், நானும் விடமாட்டேன் என்றுதான் கத்தினேன். அப்பாவிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து சேர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குழாயைத் திறந்து வைத்துக்கொள், நான் கதவைத் தட்டமாட்டேன்.

உன் காலும் மனசும் சீக்கிரம் தேறட்டும், நல்லபடியாக வீடு வந்து சேர்வாய். பழைய பாஸ்போர்ட்டில் போட்ட மாதிரியே கையெழுத்து இருக்க வேண்டும், கடைசிச் சுழியை மறந்துவிடாதே.

உன் வரவையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா