பசு இல்லாத வீட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல்

டீச்சர்,

நாங்கள் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினால் சுருண்டு போகிற பிள்ளை, முகம் தெரியாத இன்னொரு பிள்ளை "எனக்கு விளங்கவில்லை" என்று கேட்டால் மட்டும் ஏன் மறுபடி எழுத உட்காருகிறது? கல்வியியலில் பட்டம் வாங்கியவள் நான். எனக்குப் பதில் தெரியாது.

இன்று தலவாக்கலையில் மழைக்கு ஒதுங்கிய இடம் போட்டோகொப்பியும் இணையமும் உள்ள அந்தப் பழைய கொமியூனிகேஷன் கடை. நீங்கள் காலமான பிறகு நான் அதற்குள் போனதில்லை. யாரோ ஒருவரின் அடையாள அட்டைக்கு பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டு வாசத்தோடு உங்கள் நனைந்த குடையும், பொலித்தீன் பையில் சுற்றிய பிள்ளைகளின் தாள்களும் நினைவுக்கு வந்தன.

லிந்துலையில் நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அப்போது இணையம் வரவில்லை. சனிக்கிழமைகளில் இந்தக் கடைக்கு வந்து, பிள்ளைகள் எழுதியதை ஸ்கேன் செய்து, கற்பிட்டியில் படிப்பித்த உங்கள் சிநேகிதிக்கு மின்னஞ்சலில் அனுப்புவீர்கள். அடுத்த வாரம் அந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் கேள்விகள் வரும். நீங்கள் ஒரு பிழையும் திருத்த மாட்டீர்கள்.

"வாசிக்கிறவங்க கேக்கட்டும் டீச்சர். நாம நடுவுல எதுக்கு?" என்பீர்கள் என்னிடம்.

எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சோதினைக்கு இது உதவுமோ?" என்றேன்.

"யாழ்ப்பாணத்துக்காரங்க நீங்க, பிரசவம் பாக்கப் போனாலும் எத்தனை மார்க்குன்னுதான் கேப்பீங்க."

அஞ்சாம் வகுப்பில் நன்றாக எழுதுகிறவள் கௌசல்யா. 'எனது வீடு' என்று எழுதியிருந்தாள்: முன்னே பூந்தோட்டம், பின்னே பசு. வகுப்பில் பாதிப்பேர் மனப்பாடம் செய்து எழுதுவது அதுதான். நாங்களும் நல்ல புள்ளி போடுவோம். கற்பிட்டியிலிருந்து ஒரு சிறுமி கேட்டிருந்தாள்: "உங்கள் பசுவின் பெயர் என்ன? அது முட்டுமா?"

திங்கட்கிழமை கௌசல்யா அந்தக் கேள்வி வந்த தாளைப் பிடித்தபடி உங்கள் முன் நின்றாள்.

"எங்ககிட்ட மாடு இல்லீங்க டீச்சர். லயத்துல வீட்டுக்கு ஒரு அறைதானே, எங்க கட்டுறது? தெரிஞ்சா சிரிப்பாங்க. நான் இனிமே எழுதலங்க."

நல்ல பிள்ளை ஒன்று எழுதுவதையே விட்டுவிடப் போகிறது என்று பயந்தேன். "மாட்டுக்கு ஒரு பேரை வைச்சு அனுப்பிவிடுங்கோ, அலுவல் முடிஞ்சுது," என்று உங்கள் காதில் சொன்னேன்.

நீங்கள் அவளைப் பார்த்து, "இல்லன்னா இல்லன்னு எழுது. என்ன இருக்குன்னும் எழுது. அந்தப் புள்ள லயத்தப் பாத்ததே இல்லயே," என்றீர்கள். வற்புறுத்தவில்லை. அவள் தாளை மடித்துக்கொண்டு போனாள். போகவிட்டீர்கள். அந்தப் பொறுமை எனக்கு இன்றும் கைவரவில்லை.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். திருத்த உட்கார்ந்தால், சிவப்புப் பேனாவைத் திறக்குமுன் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுகிறேன். எனக்கு உண்மையாகவே பதில் தெரியாத கேள்வி.

அந்தத் திங்களுக்கு மறுநாள் நடந்தது இது. மணி அடிக்குமுன் கௌசல்யா வந்து உங்கள் மேசையில் ஒரு தாளை வைத்தாள்.

"எங்களிடம் பசு இல்லை. அது புத்தகத்தில் உள்ள பசு. எங்கள் வீடு ஒரே காம்பரா. அந்த அறையில் ஆறு பேர் இருக்கிறோம். மழை பெய்தால் கூரைத் தகரம் போடும் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. அப்பா கையைக் காட்டித்தான் தேத்தண்ணி கேட்பார். உங்கள் வீட்டில் மழை எப்படிச் சத்தம் போடும்?"

நீங்கள் இரண்டு தரம் வாசித்தீர்கள். என்னிடம் நீட்டினீர்கள். நான் வாசித்து முடித்ததும் வாங்கி, சனிக்கிழமை அனுப்புவதற்காகப் பொலித்தீன் பைக்குள் வைத்தீர்கள்.