உறைந்த கருவும் பீட்ரூட் துண்டும்

மார்ச் 3, திங்கள்

மகளின் கடைசிக் கருவை வியாழனன்று உறைநிலையிலிருந்து எடுத்து, அவள் கருப்பையில் வைக்கப்போகிறார்கள். முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவும் போனால் வேறு இல்லை. வரிசைப்படுத்தினால் பயம் அடங்குமோ என்று எழுதுகிறேன்.

1. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. குளிரில் இறுகும், சூட்டில் இளகும்.
2. சூடு அளவு மீறினால் சவ்வு சிதைந்து உள்ளிருப்பது ஒழுகும்.
3. உறைந்தால் பனி ஊசிகள் சவ்வைக் கிழிக்கும்.
4. இதையெல்லாம் மகளிடம் சொல்லக் கூடாது. அப்பா பயப்படுவது தெரிந்தால் அவள் உடைந்துபோவாள்.

உயிரியல் வாத்தியாராக இல்லாதிருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

மார்ச் 4, செவ்வாய்

வகுப்பில் செய்துகாட்டிய சோதனையை அடுக்களையில் செய்தேன். பீட்ரூட் துண்டுகளை நன்றாகக் கழுவி, ஒன்றைச் சாதாரண நீரில் போட்டேன், ஒன்றை வெந்நீரில். மூன்றாவதை ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு நீரில் விட்டேன். முதல் டம்ளர் ஏறக்குறையத் தெளிவு. மற்ற இரண்டும் சவ்வு சிதைந்து சாயம் ஒழுகி, ரத்தச் சிவப்பு. உறைந்த துண்டு வெந்தது போலவே துவண்டு கிடந்தது.

ஏன் செய்தேன்? தெரிந்ததைத்தானே பார்த்தேன்?

"பொரியலுக்கு வாங்கினதை இப்படிப் பாழாக்கிட்டீங்களே! ரிட்டயர் ஆகியும் வாத்தியார் புத்தி போகலையே," என்றாள் மனைவி. சிரித்துச் சமாளித்தேன்.

மார்ச் 5, புதன்

போச்சு. டம்ளர்களைக் கொட்ட மறந்துட்டேன். மகள் வந்தவள் பார்த்துவிட்டாள். என்னிடம்தானே இந்தச் சோதனையைப் படித்தாள்? காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வாயைக் கட்டி என்ன பிரயோஜனம்? முட்டாள். முட்டாள்.

மார்ச் 6, வியாழன்

மருத்துவமனை. கருக்களைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வகத்துப் பெண்ணிடம் பீட்ரூட் சோதனையைச் சொல்லி, கருவையும் பனி கிழித்துவிடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஐஸ் வந்தாதானே சார் கிழிக்கும்? தண்ணியை எடுத்துட்டு, செல்லைக் காக்கிற திரவத்தை ஏத்தி, படக்குனு குளிர வெப்போம். ஐஸ் ஆகாம கண்ணாடி மாதிரி நின்னுடும். உங்க ஃப்ரீசர் மெதுவா உறைய வெக்கிறது, அதான் வம்பு."

ஆக, என் பட்டியலில் மூன்றாவது பொய்யில்லை. இங்கே பொருந்தாது, அவ்வளவே.

உறைநிலையிலிருந்து எடுத்த கருவைத் திரையில் காட்டினாள். வற்றிய திராட்சை போல ஒன்று. பார்க்கப் பார்க்க மெல்ல உப்பி, உருண்டையாயிற்று. சவ்வு தாங்கிவிட்டது.

மகள் என் கையைப் பிடித்தாள். "அது பீட்ரூட் இல்லப்பா," என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். "நீங்க கல்லு மாதிரி இருந்தீங்க. நான் மட்டும்தான் பயந்து சாகிறேன்னு நெனச்சேன். நேத்து அந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்துது."

மார்ச் 11, செவ்வாய்

கருவை வைத்து ஐந்து நாளாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. காத்திருக்கிறோம்.

மார்ச் 17, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தங்கியிருக்கிறது. ஃபோனில் மகள், "இப்பவும் பயமாத்தான்பா இருக்கு," என்றாள்.

"எனக்கும்தாம்மா," என்றேன்.

பட்டியலில் நான்காவது தவறு.