ஸ்குவாட்ரன் கலைகிறது

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, வெண்ணிலா எழுதுவது.

அத்தை மகன் தனபாலைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய அன்று, இனி நமக்குள் பேச்சே வேண்டாம் என்றீர்கள். அதை மீறி எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிளகு பறிக்க நீங்களே ஏணியில் ஏற வேண்டாம். நான் நலம்.

இங்கே ஒரு செய்தி, பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் விமானப்படை ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டார்கள். இரண்டு போர்களில் பறந்த பிரிவு இது. விமானங்கள் பழசாகிவிட்டன. பைலட்டுகள், என்னைப்போல் விமானப் பராமரிப்பில் இருப்பவர்கள், ஸ்டோர்காரர்கள் எல்லோருக்கும் வேறு வேறு ஊருக்கு மாற்றல். ஸ்குவாட்ரனின் எண்ணை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்களாம். என்றைக்காவது புது விமானம் வந்தால் அதே எண்ணில் மறுபடி தொடங்குவார்கள்.

கடைசி அணிவகுப்பு முடிந்ததும் எல்லோரும் லீவில் சொந்த ஊருக்கு மூட்டை கட்டினார்கள். ஏற்காட்டுக்காரர் சார்ஜென்ட் முபாரக் என்னைப் பார்த்து, “ஏனுங்க மேடம், பழைய பிளேனைக்கூட காட்சிக்கு நிறுத்த காலேஜ் வாசல்ல எடம் பாத்துட்டாங்க. நீங்க இன்னும் டிக்கெட் போடலீங்களா?” என்றார். போட்டாச்சு என்று சிரித்தேன். போடவில்லை.

அம்மாவிடம் சொல்லி, நம் தோட்டத்துக் காப்பித்தூள் கொஞ்சம், உறையின் பின்னால் எழுதியிருக்கும் என் புது விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். புது இடத்தில் சேரும் முன் எனக்குப் பத்து நாள் லீவு இருக்கிறது. வீட்டுக்கு வரட்டுமா அப்பா? வரலாம் என்றால் நீங்கள் பேச வேண்டாம். ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், போதும். நான் எடுக்க மாட்டேன்.